எஸ் ஏற்காத காசு

மாசி மாதத்தில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. அங்காளபரமேசுவரி மயானத்துக்குப் புறப்படும்போது ஊரும் வெளியூரும் சேர்ந்து கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, தானியம் என்று கைக்கு வந்ததையெல்லாம் அள்ளி இறைக்கும். கூடவே காசும் இறைக்கும். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், அம்மன் சூறையிட்ட சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கீழே இறங்கிய இடம் இதுதான் என்பது தலபுராணம். அந்தச் சூறையை மக்கள் ஆண்டுதோறும் தங்கள் கையாலேயே நடத்துகிறார்கள். ஊருக்குத் திரும்பியவர்களைக் கேட்டால், "காசு எறைச்சோம்" என்பார்கள். ஒரு கை நிறைய இறைத்தவரும் ஒற்றை நாணயத்தைப் போட்டவரும் சொல்வது ஒரே சொல். "காசுகள் எறைச்சோம்" என்று செஞ்சிச் சீமையில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பேச்சு வழக்கம் ஆங்கில அகராதியிலும் ஏறியிருக்கிறது. அங்கே 'கேஷ்' என்று ஒரு நாணயத்தின் பெயர் உண்டு. ஒன்று என்றாலும் கேஷ், ஆயிரம் என்றாலும் கேஷ். எஸ் சேர்க்கும் பொது விதிக்கு அடங்காத பன்மைகளில் அது ஒன்று. ஷீப், டீர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்யும் பட்டியலில் இடம்பெறத் தகுதியுள்ள சொல். அந்தக் கேஷ் நம் காசுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலக் கேஷ் தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பாதி உண்மை. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு கேஷ் அல்ல, இரண்டு. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கும்போது வருகிற கேஷ், பெட்டி என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லான காப்சாவின் வழிவந்தது. இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் காஸ் என்று மாறி ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. கேஷியர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதற்கும் நமக்கும் உறவில்லை.

இன்னொரு கேஷ், தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அதுதான் தமிழிலிருந்து போனது. காசு போர்த்துகீசியர் வாயில் கைஷா ஆனது, கைஷா ஆங்கிலேயர் வாயில் கேஷ் ஆனது. போர்த்துகீசிய மொழியில் கைஷாவுக்குப் பெட்டி என்றும் பொருள், அதுவும் காப்சாவின் பிள்ளைதான். காதில் விழுந்த அயல் சொல்லைத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த சொல்லின் உருவத்தில் அவர்கள் வார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் வேறு வேறு வீட்டில் பிறந்த இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டலில் நிற்கின்றன. 1886-ல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்த வழித்தடத்தைப் பதிவு செய்திருக்கிறது. காசு என்பதே கர்ஷம் என்னும் சமஸ்கிருத எடைப் பெயரோடு தொடர்புடையது என்ற கருத்தும் அதில் உண்டு. முழுப் பொய்யை நம்புவதைவிட இந்தப் பாதி உண்மையைச் சரியாகத் தெரிந்துகொள்வது நமக்குக் கூடுதல் பெருமை. ஏனென்றால் காசு போன இடத்துக்குத் தன் இலக்கணத்தின் சாயலையும் கொண்டுபோயிருக்கிறது.

தமிழில் அஃறிணைச் சொல்லுக்குக் 'கள்' கட்டாயமில்லை. ஆ வந்தது, ஆ வந்தன. பெயர் அப்படியே நிற்க, ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடும். தொல்காப்பியர் இதைக் கண்டு விதி செய்தார். நன்னூலார் இத்தகைய சொற்களுக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே வைத்தார். முன்னால் எண் வந்துவிட்டால் கள்ளுக்கு வேலையே இல்லை. பத்து ஆடு, நூறு தேங்காய், இருபது காசு.

காசு பிறந்தபோது நாணயமாக மட்டும் பிறக்கவில்லை. சங்கப் பாடல்களில் அது அணிகலனில் கோக்கும் பொன்மணி. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பார்த்த அள்ளூர் நன்முல்லையாருக்குப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்து நூலில் கோக்கும் பொற்காசு நினைவுக்கு வருகிறது. இன்றைய காசுமாலை அந்த வாழ்க்கையின் தொடர்ச்சி. யாப்பிலக்கணத்திலும் காசு புகுந்தது. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். 1,330 குறளும் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் முடிகின்றன. ஒரு நாணயத்தின் பெயரைப் பாட்டின் அளவுகோலாக வைத்துக்கொண்ட மொழி நம்முடையது.

நாணயமாக அது வளர்ந்தபோது கூடவே ஒரு தொல்லையும் வளர்ந்தது. எல்லாக் காசும் ஒரே மதிப்பு அல்ல. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் சிவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு வைத்தான். அப்பரின் காசை உடனே மாற்ற முடிந்தது. சம்பந்தரின் காசுக்கோ கடையில் வாசி, அதாவது மாற்றுக் குறைவு, பிடித்தார்கள். அந்த வாசியைத் தீர்த்துத் தரச் சொல்லி அவர் பதிகமே பாடினார். தேவாரத்தில் நாணய மாற்று விகிதம் இடம்பெற்றிருக்கிறது என்பதை நம் பொருளாதார ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் அன்றாடு நற்காசு, பழங்காசு, ஈழக்காசு என்று வகை வகையாக வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் கடவுளுக்கு வைத்த முதலைச் சபைகள் வட்டிக்கு வாங்கிக்கொண்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. கல்லில் வெட்டும்போதும் எத்தனை காசு என்றுதான் வெட்டினார்கள், காசுகள் என்று அல்ல.

1077-ல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனத்தின் சுங் அரசவைக்குப் போனது. கண்ணாடிப் பொருள், கற்பூரம், யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று காணிக்கை கொண்டு சென்றவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது 81,800 சரம் செப்புக் காசு. நடுவில் சதுரத் துளை போட்ட வட்டக் காசு அது, துளையில் கயிறு கோத்துச் சரமாக்குவார்கள். சரத்துக்குப் பெயரளவில் ஆயிரம். இந்தச் செய்தியை நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் எடுத்துக் காட்டுகிறார். ஆங்கில மூலத்தில் அந்தச் சீன நாணயத்துக்கு இருக்கும் பெயர் கேஷ். சீனர்கள் அதை அப்படி அழைத்ததில்லை. போர்த்துகீசியர் தென்னிந்தியாவில் பழகிய பெயரை மலாய்த் தீவுகளின் சில்லறைக்கும், பிறகு சீனத்தின் துளைக் காசுக்கும் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதையே பின்பற்றினார்கள். சோழத் தூதர் வாங்கி வந்த சீன நாணயத்தை ஆங்கிலத்தில் விவரிக்க ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் மண்ணுக்குள்ளிருந்து சீனக் காசுக் குவியல் கிடைத்ததும் உண்டு.

இனி செஞ்சிக்கு வருவோம். மேல்மலையனூருக்கு வளத்தி வழியாகப் போகிறவர்கள் செஞ்சியில் இறங்கித்தான் பேருந்து மாறுவார்கள். ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்க்கும்போது போர்தான் நினைவுக்கு வரும், தேசிங்குராஜன் நினைவுக்கு வருவான். ஆனால் அந்தக் கோட்டையின் அடியில் நடந்த இன்னொரு அன்றாடப் போரைப் பற்றிப் பேச்சே இல்லை. அது காசு மாற்றும் போர். 1597-ல் இங்கே வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தாம் கண்ட மிகப் பெரிய நகரம் இது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டின் எந்த ஊரையும்விடப் பெரியது என்றும் எழுதினார். அப்போது ஆண்டவர் நாயக்கர். அவருக்குப் பின் 1649-ல் பீஜப்பூர் படை, 1677-ல் சிவாஜி, நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான், பிறகு ஆற்காட்டு நவாப், 1750-ல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் இத்தனை கொடி. ஆளுக்கொரு பொன், ஆளுக்கொரு வெள்ளி. முகலாயர் ஊரின் பெயரையே நுஸ்ரத்கட் என்று மாற்றி, அந்தப் பெயரிலேயே நாணயம் வெளியிட்டார்கள்.

சந்தைக்கு வந்த உழவருக்கு இதெல்லாம் என்ன? வராகன் என்னும் பொன் நாணயத்தை அவர் வாழ்நாளில் எத்தனை முறை தொட்டிருப்பார்? அவர் மடியில் இருந்தது செம்பு. உப்பு வாங்கவும், எண்ணெய் வாங்கவும், மஞ்சள் துணியில் முடிந்து அம்மனுக்கு நேர்ந்துகொள்ளவும் காசு. மேலே ராஜா மாறியபோதெல்லாம் பொன்னும் வெள்ளியும் பெயர் மாறின. ஹொன், பகோடா, ரூபாய் என்று ஆகிக்கொண்டே இருந்தன. காசு மட்டும் காசாகவே இருந்தது. எத்தனை காசுக்கு ஒரு பணம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தில் காசு மாற்றித் தரும் சராப்புக்காரர் வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, பிடித்துக்கொள்வார். நட்டம் எப்போதும் செம்பை வைத்திருப்பவருக்குத்தான். ஆட்சிகளின் கதையைக் கோட்டைச் சுவரை வைத்து எழுதியிருக்கிறோம். இந்த வட்டத்தை வைத்தும் எழுதியிருக்க வேண்டும்.

ஐரோப்பியர் இந்தக் காசைக் கற்றுக்கொண்டதில் செஞ்சிக்கு நேரடிப் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் அவர்கள் கால் ஊன்றிய இடங்கள் பல செஞ்சி அரசுக்குக் கட்டுப்பட்டவை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துப் பரங்கிப்பேட்டை அப்படி வளர்ந்தது. தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு இறங்கினார்கள். 1690-ல் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, செஞ்சியில் இருந்து ஆண்ட மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து சென்னை ஆளுநர் எலிஹு யேல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். கடலூர்ப் பக்கத்தில் அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்ற பெயர் இருந்தது. கோட்டையைப் பொன் கொடுத்து வாங்கிவிடலாம். நெசவாளருக்கும் சுமைகூலிக்கும் சிப்பாய்க்கும் பொன்னை நறுக்கியா கொடுப்பது? காசு வேண்டும். சென்னைக் கோட்டையில் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டிலேயே செப்புக் காசு அடித்தது.

கணக்கு எழுதியவர்கள் நம் கணக்குப்பிள்ளைமார். வராகன் இத்தனை, பணம் இத்தனை, காசு இத்தனை என்று அவர்கள் படிக்க, பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்தர் தம் ஏட்டில் ஏற்றிக்கொண்டார். 1711-ல் லண்டனில் வெளியான சார்ல்ஸ் லாக்கியரின் வணிக நூல் சென்னைச் செப்பு நாணயங்களைச் சொல்கிறது. பத்துக் காசு ஒரு துட்டு, எட்டுத் துட்டு ஒரு பணம். கவனித்துப் பார்க்க வேண்டியது அவருடைய எழுத்து. துட்டை 'டூடோஸ்' என்று எஸ் போட்டு எழுதுகிறார். அதே வாக்கியத்தில் காசை எஸ் இல்லாமல் 'கேஷ்' என்று எழுதி, அதற்குப் பன்மை வினை கொடுக்கிறார்.

ஏன் துட்டுக்குக் கொடுத்ததைக் காசுக்குக் கொடுக்கவில்லை? தமிழர் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் அது நியாயமாகாது. பணமும் தமிழ்ச் சொல்தான், அது 'ஃபனம்ஸ்' ஆகிவிட்டது. ஷ் ஒலியில் முடியும் சொல்லுக்குப் பின்னால் மேலும் ஓர் அசை சேர்த்துக் 'கேஷஸ்' என்று சொல்வது நாவுக்கு இடறல். மீனைக் குறிக்கும் ஃபிஷ் எஸ் வேண்டாமல் நிற்கவில்லையா? இன்னொன்றும் உண்டு. காசு கணக்கின் கடைசிப் படி. தனித்தனியாக எண்ணிக் கையில் கொடுக்கும் பொருளாக இருந்ததைவிட, அளந்து சொல்லும் எண்ணாகவே அதிகம் இருந்தது. இந்த இரண்டோடு நாள் முழுதும் காதில் விழுந்த "இருபது காசு" என்னும் தமிழ்ச் சொல்முறையும் சேர்ந்துதான் அந்தப் பன்மை நிலைத்தது என்பது என் கணிப்பு.

இதற்குத் துணையாக ஒரு சாட்சி தரங்கம்பாடியில் இருக்கிறது. டேனியர் அங்கே அடித்த நாணயங்களில் வெள்ளிக்கு ராயலின் என்று பெயர். இரண்டு ராயலின் மதிப்புள்ள நாணயத்தில் டேனிய இலக்கணப்படி 'ராயலினர்' என்று பன்மை விகுதி சேர்த்துப் பொறித்தார்கள். அதே ஊரில், அதே ஆட்சியில் வெளிவந்த செப்பு நாணயத்தில் நான்கு 'காஸ்', பத்துக் 'காஸ்' என்று விகுதியே இல்லாமல் பொறித்தார்கள். புதுச்சேரியில் மட்டும் நிலைமை வேறு. பிரெஞ்சுக்காரர் 'காஷ்' என்று எழுதிப் பன்மைக்கு எஸ்ஸும் சேர்த்தார்கள். ஆனால் அவர்கள் மொழியில் அந்த எஸ்ஸை உச்சரிப்பதில்லை, காதுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே. புதுச்சேரிச் செப்பு நாணயத்தின் ஒரு முகத்தில் பிரெஞ்சு அரசின் லில்லிப் பூ, மறுமுகத்தில் தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயர். 1750-க்குப் பிறகு பத்தாண்டுகள் செஞ்சிக் கோட்டையில் பிரெஞ்சுப் படை இருந்தது. அந்தத் தமிழ் எழுத்துக் காசு இந்தச் சந்தைகளிலும் கைமாறியிருக்கும்.

1801-ல் கர்நாடக நவாப்பின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. செஞ்சியும் மேல்மலையனூரும் தென்னாற்காட்டுக் கலெக்டரின் வரிக்கணக்கில் ஏறின. இத்தனை பெரிய நிலத்துக்குச் சில்லறை அடிக்கச் சம்மட்டி போதாது. கம்பெனி இங்கிலாந்துக்கு எழுதியது. பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில், நீராவிப் பொறி கொண்டு, 1803-ஆம் ஆண்டிட்ட காசு அடித்தார்கள். ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசு, இருபது காசு. நமது சந்தையில் பிறந்த பெயர் ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால், தமிழே கேட்டறியாத தொழிலாளர் கையால், அச்சில் வெட்டப்பட்டது.

அந்த இருபது காசு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தவர்கள் ஆழ்ந்து பார்க்க வேண்டும். சுமார் ஒன்பது கிராம் செம்பு. ஒரு முகத்தில் கம்பெனியின் சின்னமும் லத்தீன் வாசகமும். மறுமுகத்தின் கீழ்ப்பகுதியில் ரோமன் எண்ணில் இருபது, அதன் பக்கத்தில் கேஷ். எஸ் இல்லை. அதே காலத்தில் சென்னையில் வெளிவந்த வெள்ளி நாணயத்தில் ஐந்து 'ஃபனம்ஸ்' என்று எஸ்ஸோடு எழுதினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கேஷுக்கு மேலே பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: 'பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்'. இருபது காசு நான்கு ஃபலூஸ் என்று பொருள். பாரசீகத்திலும் எண்ணுக்குப் பின்னால் பெயர் பன்மை ஏற்காது, அதனால் அங்கேயும் வெறும் காஸ். ஃபலூஸின் கதை இன்னும் விசேஷம். அரபியில் ஃபல்ஸ் என்பது ஒரு செப்பு நாணயம். அதன் பன்மை சொல்லின் உட்புறமே உடைந்து ஃபுலூஸ் ஆகும். அந்தப் பன்மையைப் பாரசீகம் ஒருமையாக எடுத்துக்கொண்டது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு ஃபுலூஸ் என்றால் பணம் என்று நன்றாகத் தெரியும். ஆக, விதிக்கு அடங்காத இரண்டு பன்மைகள் ஒரே செப்புத் தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

1808-ஆம் ஆண்டிட்ட பத்துக் காசும் இருபது காசும் அடுத்த தொகுதி. பீப்பாய்களில் அடைத்து அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். டன் கணக்கில் காசு, அதோடு இரும்புச் சட்டம், நங்கூரம், குண்டு. கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் கரையை அது தாண்டவே இல்லை. 1809 ஜனவரி 25 அன்று புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்தது. அந்த மணல்திட்டு எத்தனையோ கப்பலை விழுங்கியது. தென்னாற்காட்டுக்கும் வடாற்காட்டுக்கும் வந்து, கூலியாகவும் உப்பு விலையாகவும் காணிக்கையாகவும் மாறியிருக்க வேண்டிய செம்பு ஆங்கிலக் கால்வாயின் வாசலில் மணலுக்குள் போயிற்று.

ஏறத்தாழ 175 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1980-களில் முக்குளிப்போர் அந்த இடத்தைக் கண்டுபிடித்து லட்சக்கணக்கில் காசை மேலே கொண்டுவந்தார்கள். புழக்கத்துக்கே வராத காசு என்பதால் பல நாணயங்கள் புத்தம் புதியவையாக இருந்தன. ஒரு மடியிலும் முடியப்படாத, ஓர் உண்டியலிலும் விழாத காசு. கப்பல் உடைந்த இடம் இன்று பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட கடலடிச் சின்னம். எடுத்த காசு உலகெங்கும் சேகரிப்பாளர்களுக்கு விற்பனையாயிற்று, இன்றும் இணையத்தில் வாங்கலாம். மேல்மலையனூர் அம்மனுக்கு வந்திருக்க வேண்டியவற்றில் ஒன்று அமெரிக்காவில் யாரோ ஒருவரின் கண்ணாடிப் பேழையில் இருக்கலாம். விற்கிறவர் விளம்பரத்தில் எழுதுவது 'டென் கேஷ்', 'ட்வென்டி கேஷ்'. எஸ் சேர்ப்பது அரிது.

கம்பெனியின் காசுக்கு அதன் பின் ஆயுள் அதிகமில்லை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், ஆக வராகனுக்கு 3,360 காசு என்ற கணக்கு 1818-ல் முடிவுக்கு வந்தது. வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமானது. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மாற்றிக்கொண்டார்கள், அதாவது ரூபாய்க்கு 960 காசு. பிறகு அணா, பைசா, பை வந்தன. சுதேச அரசுகள் மட்டும் காசைக் கைவிடவில்லை. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஒரே நாணயத்தில் கன்னடத்தில் காசு என்றும் ஆங்கிலத்தில் கேஷ் என்றும் பொறித்தார். தாயும் வெளிநாடு போன பிள்ளையும் சேர்ந்து நிற்கும் புகைப்படத்தை ஒத்த நாணயம் அது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கே கேஷ் என்று அச்சிட்ட செப்பு நாணயம் 1949 வரை புழங்கியது. புதுக்கோட்டையில் அம்மன்காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அதை மக்களுக்கு வழங்கினார்கள். அம்மனுக்கு மக்கள் காசு கொடுப்பது மேல்மலையனூர் வழக்கம், அம்மன் முகம் போட்ட காசை மக்களுக்குக் கொடுத்தது புதுக்கோட்டை வழக்கம்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. அரசு அதற்குப் பைசா என்று பெயர் வைத்தது, இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதன் பன்மை பைசே என்று திரிந்தது. நாம் அதை அஞ்சு காசு, பத்துக் காசு, இருபத்தஞ்சு காசு என்றே அழைத்தோம். புது நாணயத்துக்குப் பழைய பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு இருபத்தைந்து காசும் செல்லாது. சொல் மட்டும் செல்லுபடியாகிறது. நூறு ரூபாய் நோட்டு கையில் இருந்தால் எடுத்து, பதினைந்து மொழிகள் அச்சிட்ட கட்டத்தைப் பாருங்கள். கன்னடத்தில் ரூபாயிகளு என்றும் தெலுங்கில் ரூபாயலு என்றும் பன்மை விகுதியோடு இருக்கும். தமிழ் வரியில் நூறு ரூபாய். ரிசர்வ் வங்கியும் நம் பேச்சின் இலக்கணத்தைத்தான் அச்சடிக்கிறது.

இந்தக் காசுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் வேறு நாணயங்களும் எஸ் இல்லாமல் வரிசை கட்டின. ஜப்பானின் யென், தாய்லாந்தின் பாட், சீனத்தின் யுவான் எல்லாம் பன்மை விகுதி கட்டாயமில்லாத மொழிகளிலிருந்து போனவை. யென் பிறந்ததே 1871-ல்தான். லாக்கியர் கேஷ் என்று எழுதி அப்போது 160 ஆண்டு ஆகியிருந்தது. மூத்தது நம்முடையது.

செஞ்சி, வளத்தி, மேல்மலையனூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒருமை பன்மை பாடத்தில் சைல்டு–சில்ட்ரன், ஆக்ஸ்–ஆக்சன், ஷீப்–ஷீப் என்று கரும்பலகையில் எழுதும்போது, அடியில் கேஷ்–கேஷ் என்று ஒரு வரி சேருங்கள். கடைக் கேஷ் வேறு, நாணயக் கேஷ் வேறு என்பதையும் அங்கேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். யார் வீட்டுப் பெட்டியிலாவது தாத்தா காலத்துச் செப்புக் காசு இருந்தால் கொண்டுவரச் சொல்லி, வகுப்பில் எல்லோர் கையிலும் கொடுத்து, எழுத்தைப் படிக்க வையுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தேய்த்தால் எழுத்து போய்விடும்.